ஒட்டுக்கு மேல் நாலு விரல் மண்

மச்சான்,

மூன்று நாளாக மழை விடவில்லை. அயனம்பாக்கம் ஏரி நிரம்பிவிட்டதென்று காலையிலிருந்து ஆளாளுக்கு ஃபோனில் படம் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் குடியிருப்பு வாசலில் தண்ணீர் உள்ளே புகாமல் இருக்க, வாட்ச்மேன் கோணிப்பைகளில் மண் நிரப்பி அடுக்கிவைத்திருக்கிறார். பால் வாங்கக் கிளம்பியவன் அந்தக் கோணிகளைத் தாண்டும்போது நின்றுவிட்டேன். நனைந்த சணலின் வாடை, அதோடு கொஞ்சம் பாசி வாடை. அதற்கு மேல் கால் நகரவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். பால் எங்கே என்று என் மனைவி கேட்டாள், கடை திறக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அது உன் திருநின்றவூர் வீட்டுக் குளியலறையின் வாடை. இமாச்சலத்திலிருந்து ரயில் பார்சலில் இருநூறு ஆப்பிள் கன்றுகள் வந்து இறங்கிய ஜனவரி அது. வேரில் மண் கிடையாது, ஓர் இலை கிடையாது. கட்டுக்கு இருபத்தைந்தாக ஈரப் பாசி சுற்றிக் கோணியில் பொதிந்து அனுப்பியிருந்தார்கள். பார்க்கத் துடைப்பக்கட்டு மாதிரி இருந்தது. சூடு பட்டால் நடுவதற்குள்ளேயே துளிர்த்துக் கெட்டுப்போகும் என்று, மீன் கடையில் ஐஸ் வாங்கிவந்து சுற்றி அடுக்கி, குளியலறைக் கதவைச் சாத்தி, நீயே வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாய். ஸ்டெல்லா இரண்டு நாள் பக்கத்து வீட்டில் போய்க் குளித்துவிட்டு வந்தாள். கட்டின பெண்டாட்டிக்குக் கிடைக்காத மரியாதை குச்சிக்குக் கிடைக்கிறது என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். நீ எழுந்திருக்கவில்லை.

உனக்குத் தெரியாதது எதுவுமில்லை, இருந்தாலும் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னால்தான் நான் சொல்லவந்ததைச் சொல்ல முடியும்போல் இருக்கிறது. ஆவடியில் ஒரே தொழிற்சாலை, ஒரே கூடம். முப்பது வருஷம் நீ வெல்டர், நான் வெல்டிங்கைச் சோதிக்கிறவன். நீ பற்றவைத்து அனுப்பிய தகட்டில் மயிரிழை விரிசல் தெரிந்தால் சாக்பீஸால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவேன். அந்த வட்டத்துக்குள் நீ கண்ணும் மூக்கும் வரைந்து, அதற்கு என் மீசையையும் வைத்து மறுபடி எனக்கே அனுப்புவாய். நான் தேனிப் பக்கத்து ஆள், நீ அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவன். உன் பேச்சு எனக்குப் பிடிபடவே முதலில் ஆறு மாதம் ஆனது. அதற்குப் பிறகு உன் பேச்சைக் கேட்காமல் ஒரு வாரம் போனால் எனக்கு என்னவோபோல் ஆகிவிடும்.

ஆப்பிள் பைத்தியம் உனக்கு எப்படிப் பிடித்தது என்பது கூடத்துக்கே தெரிந்த கதை. வடக்கே மலையடிவாரத்தில் பழுதாகி நின்ற நம் தொழிற்சாலை வண்டிகளைச் சரிசெய்ய உன்னை இரண்டு மாதம் அனுப்பினார்கள். நீ தங்கிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். வரிசையாகக் கம்பி கட்டி, மூன்று அடி இடைவெளியில், ஆள் உயரத்துக்குக் குட்டைக் குட்டையான மரங்கள். தொட்ட இடமெல்லாம் பழம். திரும்பி வந்ததிலிருந்து உனக்கு வேறு பேச்சில்லை. "ஏணியே வோணாம் மச்சான். நின்னுகினே பறிக்கலாம்" என்று கேன்டீனில் கையை நீட்டி நீட்டிப் பறித்துக் காட்டுவாய். யாராவது ஒருவர் தட்டை நகர்த்திவைத்துக்கொள்வார்கள்.

இருவரும் ஓய்வுபெற்ற வருஷம்தான் என் மனைவிக்குக் கொடைக்கானலுக்கு மேலே மலையில் இருபது சென்ட் பாகம் பிரிந்து வந்தது. உருளைக்கிழங்கு போட்ட படிக்கட்டு நிலம். விற்றுவிடலாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் நீ ஆப்பிள் கணக்குப் போட ஒரு நோட்டைத் திறந்துவிட்டாய்.

குவார்ட்டர்ஸைக் காலிசெய்துவிட்டு நீ திருநின்றவூருக்கும் நான் அயனம்பாக்கத்துக்கும் போயிருந்தோம். நடுவில் ஆவடி. ஞாயிற்றுக்கிழமை நீ பூசை முடிந்து வருவாய், ஸ்டேஷனில் பெஞ்சில் உட்காருவோம். எந்த வேரில் கட்டிய கன்றை வாங்குவது என்று ஏழு ஞாயிறு சண்டை போட்டோம். அதற்கு முன்னால் ஆப்பிளுக்கு இப்படி ஒரு விஷயம் உண்டென்றே எனக்குத் தெரியாது. நீதான் சொன்னாய்: "மேல ஒரு மரம், கீழ இன்னொரு மரம் மச்சான். பழம் இன்னா பழம்னு மேல இருக்கிறவன் சொல்வான். எவ்ளோ ஒசரம், எத்தினி வருஷத்துல காய்க்கணும், அதெல்லாம் கீழ இருக்கிறவன் கைல."

அந்தக் கீழ்மரத்துக்கு, வேர்ச்செடிக்கு, பேர் கிடையாது, நம்பர்தான். அது நம் இரண்டு பேருக்குமே பிடித்துப்போனது, வாழ்நாள் முழுக்க நம்பரோடு குடித்தனம் நடத்தியவர்கள் அல்லவா. நான் நூற்றிப்பதினொன்றாம் நம்பரைப் பிடித்துக்கொண்டேன். ஆழமாக வேர்விடும், காற்றுக்கு அசையாது, கம்பி வேண்டாம், தண்ணீர் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் தாங்கும். காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும், அதனால் என்ன என்று கேட்டேன். நீ ஒன்பதாம் நம்பரை விடவில்லை. அதன் வேர் நோஞ்சான், ஆயுசெல்லாம் கம்பியில் சாய்ந்துதான் நிற்க வேண்டும், சொட்டுநீர் ஒருநாள் நின்றாலும் முகம் வாடிவிடும். ஆனால் மூன்றாவது வருஷம் காய்க்கும். எந்தக் கணக்கில் பார்த்தாலும் அந்த மலைக்கு என்னுடையதுதான் சரி என்று நான் வாதாடினேன். அதில் தவறில்லை, இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

ஏழாவது ஞாயிறு எனக்கு அலுத்துவிட்டது. எல்லாவற்றுக்கும் உனக்கு அவசரம், கல்யாணத்தன்று கோயிலில் பாதிரியார் கேட்டு முடிக்கும் முன்பே சம்மதம் என்று சொன்னவன்தானே என்று கிண்டல் பண்ணினேன். ஓய்வு பெற்றவனுக்கு எந்த ரயிலைப் பிடிக்க இத்தனை அவசரம் என்றும் கேட்டேன். நீ சிரித்தாய். நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாய். எதிர் பிளாட்ஃபாரத்தில் திருவள்ளூர் வண்டி வந்து நின்று கிளம்பியது.

"ஸ்கேன்ல ஈரல்ல ஏதோ கீதாம் மச்சான். ஆறு வருஷம்னு கேட்டேன், டாக்டரு வாயே தொறக்கல. மூணுன்னு கேட்டேன், தலைய ஆட்னாரு."

உன் கையைப் பிடித்தேனா என்பதுகூட நினைவில்லை. ஒன்பதாம் நம்பரே வாங்குவோம் என்று மட்டும் சொன்னேன். அன்று மத்தியானமே நாற்றங்காலுக்குப் ஃபோன் போட்டோம். அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு வேலைதான் இருந்தது. உன் மரத்தில் காய்த்த ஆப்பிளை நீ கையை நீட்டிப் பறிக்க வேண்டும்.

நடவுக்கு இரண்டு பேருமாகப் போவதாகத்தான் ஏற்பாடு. கன்று வந்த அதே வாரம் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லிவிட்டார்கள். ஒரு முழுத்தாளில் செய்யவேண்டியதை வரிசையாக எழுதிக் கொடுத்தாய். ஆறாவது வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாய். ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேலே நாலு விரல் தெரிய வேண்டும். ஏன் என்று நீ எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று கேட்கிற கேள்வியாக அது தோன்றவில்லை.

மலையில் அன்றைக்குக் காற்று பேய்க்காற்று. முதல் கட்டைப் பிரித்தேன், ஒரு கன்று இரண்டாகக் கையில் வந்தது. எங்கே உடைந்தது என்று பார்த்தேன். சரியாக ஒட்டில். மேல்மரமும் கீழ்மரமும் சேருகிற இடத்தில் ஒரு புடைப்பு இருக்குமே, அங்கேயே. மற்றதையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். பெருவிரல் பருமன் குச்சி, அதில் ஒரு முண்டு, அதற்கு மேல் காற்றில் ஆடுகிற நீளம். முப்பது வருஷம் நான் பார்த்த வேலை எனக்குள்ளிருந்து எழுந்து வந்துவிட்டது மச்சான். எதுவானாலும் சேர்த்த இடத்தில்தான் முதலில் போகும் என்று என் கைக்குப் பழக்கம். இணைப்பை வெளியே காற்றுக்குக் காட்டிக்கொண்டு நிறுத்துகிறவன் எவனாவது இருப்பானா? புத்தகத்தில் படித்தவனுக்கு இந்தக் காற்றைப் பற்றித் தெரியுமா என்று உன் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தேன். கூலியாட்களை விட்டுக் குழிகளை ஆழமாக்கி, மீதி நூற்றித் தொண்ணூற்றொன்பது ஒட்டையும் மண்ணுக்குள் இறக்கினேன். நீ சொன்ன அதே நாலு விரல்தான், மேலே இருக்க வேண்டியது கீழே போனது. ஒவ்வொன்றையும் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தி ஆட்டிப் பார்த்தேன், ஒன்றும் அசையவில்லை. உன் மூன்று வருஷத்தைக் காற்றிலிருந்து காப்பாற்றிவிட்டேன் என்று அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா.

சாயங்காலம் உனக்குப் ஃபோன் செய்து, எல்லாம் நீ எழுதியபடியே செய்தேன் என்று சொன்னேன். "அப்போ மூணு வருஷம் நிக்கிறது என் வேலை" என்றாய். நானும் சரி என்றேன்.

நீ நின்றாய். எத்தனை ஊசி, எத்தனை முறை வாந்தி, முடி உதிர்ந்து மறுபடி முளைத்தது எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். சாப்பாடு இறங்காத நாட்களில் ஸ்டெல்லா ஆப்பிளைச் சொல்லித்தான் உன் வாயைத் திறக்கவைப்பாள். ஆஸ்பத்திரியில் உனக்குப் பக்கத்துக் கட்டில்காரர்களுக்கெல்லாம் நம் தோட்டத்து வரைபடம் மனப்பாடம். நான் மாதம் ஒரு தடவை மலைக்குப் போய்ப் படம் எடுத்து வருவேன். முதல் வருஷமே கன்றுகள் என் தோளைத் தாண்டின. இரண்டாம் வருஷம் மேல் கம்பிக்கு மேலே போய்விட்டன. இவ்வளவு உயரமா என்று நீ கேட்டாய். மலை மண் அப்படி என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். முட்டாள். மரம் உயர உயர எனக்குப் பெருமை பொங்கியது, அது என்ன சொல்கிறதென்று எனக்குப் புரியவில்லை.

மூன்றாவது வருஷம் பிப்ரவரி போனது, மார்ச் போனது. பூ இல்லை. ஓரமாக நின்ற இரண்டு மரத்தில் நாலைந்து வெள்ளையாக எட்டிப் பார்த்து உதிர்ந்தன. குளிர் போதவில்லை, மழை தப்பிவிட்டது என்று யார் யாரோ சொன்னதையெல்லாம் உன்னிடம் வந்து சொன்னேன். ஜூனில் அம்பத்தூர் மார்க்கெட்டிலிருந்து இரண்டு ஆப்பிள் வாங்கிவந்தேன். அதன் ஸ்டிக்கரை உரித்து என் சட்டைப் பையில் மெடல் மாதிரி குத்திவிட்டாய். ஒரு கீற்றை அரைமணி நேரம் மென்றாய். "நம்முது வர்ற வரைக்கும் இத்த வச்சி ஓட்டலாம்" என்றாய். ஜூலையில் போய்விட்டாய்.

அதற்கு அடுத்த வருஷம் தோட்டக்கலைத் துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். அடர் நடவுத் தோட்டம் எப்படி இருக்கிறதென்று பார்க்க வந்தவர், மரங்களைப் பார்த்துவிட்டு இது ஒன்பதாம் நம்பர்தானா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு ஒரு மரத்தடியில் குந்தினார்.

"ஒட்டு எங்க சார்?"

உள்ளே இருக்கிறது, காற்றுக்குப் பயந்து புதைத்தேன் என்றேன். அவர் குச்சியால் மண்ணைக் கிளறிக் காட்டினார். ஒட்டின் புடைப்புக்கு மேலே, மேல்மரத்திலிருந்தே, என் கட்டைவிரல் கனத்துக்கு வேர்கள் கிளம்பி நாலு பக்கமும் ஓடியிருந்தன. மண் பட்டதும் மேல்மரம் தானே வேர் விட்டுவிட்டது, இனிமேல் கீழே இருக்கிற குட்டை வேரின் பேச்சு இதில் எடுபடாது, அதனால்தான் மரம் உயரத்துக்குப் போகிறது, காய்ப்பு தள்ளிப்போகிறது என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். ஒட்டு மேலே இருந்திருந்தால் போன வருஷமே காய் பார்த்திருப்பீர்கள் என்றார். என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார் பாவம். "கவலப்படாதீங்க சார், லேட்டானாலும் நல்லாவே காய்க்கும்" என்றார். நான் படியில் உட்கார்ந்து அழுதேன். அந்தப் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டியபடி நின்றுகொண்டே இருந்தார்.

இந்த வருஷம் ஜூனில் காய்த்தது, ஐந்தாவது வருஷம். ஏணி வைத்துத்தான் பறித்தோம்.

இதுவரை சொன்னதெல்லாம் எப்படியோ எழுதிவிட்டேன். இனி எழுத வேண்டியதற்குத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்திருக்கிறேன்.

ஒரு பை பழத்தோடு திருநின்றவூருக்குப் போனேன். ஸ்டெல்லாவிடம் உட்கார்ந்து முழுதும் சொன்னேன். உன் தாள், ஆறாவது வரி, நான் புதைத்தது, உன்னிடம் சொன்ன பொய், அந்த அதிகாரி சொன்னது. உன் புருஷன் கேட்ட ஒரே ஒரு பழத்தை நான்தான் கொடுக்காமல் விட்டேன் என்று சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது. அவள் முந்தானையால் ஒரு பழத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அவருக்குத் தெரியும்ணா" என்றாள்.

மூன்றாவது வருஷம் மார்ச்சில் நீயே பிடிவாதம் பிடித்து, ஸ்டெல்லாவோடு என்னையும் கூட்டிக்கொண்டு ஒரே ஒரு தடவை மலைக்கு வந்தாயே, அன்றைக்கு. நான் டீ வாங்கிவரச் சாலைக்குப் போயிருந்தேன். நீ முதல் வரிசையில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, தண்டை ஒட்டி மண்ணுக்குள் விரலை விட்டிருக்கிறாய். விரல் முழுவதும் உள்ளே போன பிறகுதான் அந்தப் புடைப்பு தட்டுப்பட்டிருக்கிறது. அடுத்த மரத்தில் பார்த்தாய், அதற்கடுத்ததில் பார்த்தாய். பிறகு தோண்டிய மண்ணையெல்லாம் தள்ளி, அடையாளம் தெரியாமல் தட்டிவிட்டாய். என்னவென்று ஸ்டெல்லா கேட்டதற்குச் சொன்னாயாம்: "ஒட்டு உள்ள கீது. இந்த வருஷமும் வராது, அடுத்த வருஷமும் வராது."

அவளுக்குக் கோபம் தலைக்கேறி என்னைத் தேடிக் கிளம்பியிருக்கிறாள். நீ அவள் கையைப் பிடித்து உட்காரவைத்திருக்கிறாய்.

"கேக்காத ஸ்டெல்லா. எனக்கு நல்லது பண்ணணும்னுதான் பொதச்சிகீறான். தெரிஞ்சா தாங்க மாட்டான்."

நான் டீயோடு வந்தபோது மரம் நன்றாக வந்திருக்கிறதென்று என்னிடம் சொன்னாய். எனக்கு அது நினைவிருக்கிறது. அப்போது நான் சிரித்தேன் என்பதும் நினைவிருக்கிறது.

என்னை மன்னித்துவிடு என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன். அதெல்லாம் அவரே முடித்துவிட்டுப் போய்விட்டார் அண்ணா, நான் பார்க்க ஒன்றுமில்லை என்றாள். பழத்தை நறுக்கி எனக்குத்தான் முதலில் கொடுத்தாள். கொஞ்சம் புளிப்பு, கடைப் பழத்தைவிடக் கடினம். நான் முழுங்கினேன்.

இந்தக் குற்றத்தோடு எப்படியாவது மிச்ச நாட்களை ஓட்டிவிடுவேன் மச்சான். தாங்க முடியாதது வேறொன்று. அந்த மார்ச்சுக்குப் பிறகு நீ இருந்தது நாலு மாதம். அந்த நாலு மாதமும் ஞாயிறு தவறாமல் எனக்குப் ஃபோன் செய்து, "இன்னா, ஏதாவது தெரியுதா?" என்று கேட்டாய். இன்னும் இல்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று நான் சொல்வேன். "சரி மச்சான், அதுவரைக்கும் கீறேன்" என்பாய். வரப்போவதில்லை என்று தெரிந்துகொண்டே, எனக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாதென்று, ஒவ்வொரு வாரமும் கேட்டாய்.